காற்று நிற்காத மூலை

மத்தியானம் மூன்று மணி. பாலைவன ஊரான மர்ரீயிலிருந்து வடக்கே போகிற மண்சாலை. டிசம்பர்... அந்தப் பக்கம் அதுதான் உச்சிக் கோடை, வெளியூர் வண்டி ஒன்றுகூட வராத மாதம். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைக்காதீர்கள். நம் நோயல் இருக்கிறானே, அவனுடைய தாய்மாமன் டெஸ்மண்டுக்கு இது நடந்தது பட்டப்பகலில்.

டெஸ்மண்ட் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவர். ஏலத்தில் ஒரு பழைய வெள்ளை வண்டி வாங்கி வந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் இடது பின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. காற்றடித்தார். அடுத்த நாளும் அதே கதி.

"ஆணி ஏதாச்சும் குத்தியிருக்கும். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு," என்றாள் மனைவி மேவிஸ்.

"கண்ணாடி போட்டா நீயும் தெளிவாத் தெரிவியே. அதான் யோசிக்கிறேன்."

சோப்புத் தண்ணீரை டயர் முழுக்கத் தடவினார். வால்வில், ரிம் ஓரத்தில்... ஒரு குமிழி இல்லை. கழற்றி, மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டியில் அமுக்கினார். தண்ணீர் அசையவில்லை. வால்வு பின்னை மாற்றினார். கடைசியில் அந்தச் சக்கரத்தை முன்னால் மாட்டி, முன்சக்கரத்தைப் பின்னால் போட்டார். விடிந்து பார்த்தால், முன்னால் போன டயர் கல்லாக நிற்கிறது. பின்னால் வந்த நல்ல டயர் சப்பையாகக் கிடக்கிறது.

மெக்கானிக் கார்டன் வண்டியைச் சுற்றி வந்தார். அந்த மூலையில் மட்டும் நின்று மூக்கைச் சுளித்தார். எரிந்த ரப்பர் வாடை.

"டயர்ல குத்தமில்ல டெஸ். ரிம்லயும் இல்ல. இந்த வண்டிய முன்னாடி வெச்சிருந்த ஆளு வடக்க மணல்ல மாட்டிக்கிட்டான். புகையப் பாத்து யாராச்சும் வருவாங்கன்னு ஒவ்வொரு டயராக் காத்தப் புடுங்கி, கழட்டி எரிச்சிருக்கான். மூணு ஆச்சு. நாலாவது... இந்த மூலைதான். காத்த மட்டும் புடுங்கியிருந்தான். அதுக்கு மேல கையில தெம்பு இல்ல."

"புகைய யாரும் பாக்கலையா?"

"யாரும் பாக்கல. பொணத்தத்தான் பாத்தாங்க."

வண்டியை விற்றுவிட வேண்டும் என்று டெஸ்மண்ட் முடிவு செய்தார். அதற்குள் வடக்கேயிருந்து போன் வந்துவிட்டது. மகளுக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது. வீட்டில் வேறு வண்டி கிடையாது.

"டயர்தானே, ரெண்டு ஸ்டெப்னி எடுத்துக்க," என்றாள் மேவிஸ். கிளம்பிவிட்டார்கள்.

முதலில் சொன்னேனே, அந்த மூன்று மணிக்கு... உஸ்ஸ்ஸ்...

முதல் ஸ்டெப்னியை மாட்டினார். ஜாக்கியை இறக்குவதற்குள் உஸ்ஸ்ஸ். இரண்டாவதை மாட்டி, வால்வைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். கொதிக்கிற வெயில்... ஆனால் அவர் விரலுக்கும் வால்வுக்கும் நடுவே சில்லென்று இன்னொரு விரல் நுழைந்தது. கையை உதறி எடுத்தார். காற்று போய்விட்டது.

வெறும் ரிம்மிலேயே ஓட்டப் பார்த்தார். வண்டி அச்சு வரைக்கும் மணலில் இறங்கியது. உதவிக்குக் கூப்பிட வண்டி ரேடியோவை எடுத்தால், இரைச்சல் மட்டும்.

மறுநாள் காலையில் தூரத்தில் புழுதி எழும்பியது. ஒரு வண்டி, சாலையோடு நேராக இவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மேவிஸ் எழுந்து துண்டை வீசினாள். அப்போது கிழக்கே கன்னங்கரேலென்று ஒரு புகை கிளம்பியது. ரப்பர் புகை. வந்த புழுதி நின்றது... திரும்பியது... புகையைப் பார்த்துப் போய்விட்டது.

டெஸ்மண்ட் தொண்டை கிழியக் கத்தினார். யாருக்குக் கேட்கும்?

குடிக்கத் தண்ணீர் இருந்தது. மேவிஸின் இதயம்தான் அந்த வெயிலைத் தாங்கவில்லை. தார்ப்பாய் நிழலில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"குழந்தைக்கு என்ன பேரு வெச்சிருப்பா?"

"உன் பேராத்தான் இருக்கும்."

"பாவம் அந்தப் புள்ள," என்று சிரித்தாள். கண்ணை மூடினாள். அவ்வளவுதான். அப்புறம் திறக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அந்த வண்டி வந்தது. சாலை வேலைக்காரன் லைல். மேவிஸைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். இரண்டு பேருமாக அவளைத் தூக்கிப் பின்பக்கம் கிடத்தினார்கள்.

"காலையிலயே வந்திருப்பேன் பெரியவரே. புகையப் பாத்து அங்க போயிட்டேன். அவருக்கு ரொம்ப மோசமா இருந்துச்சு. தண்ணி குடுத்துத் தேத்தவே இவ்வளவு நேரம். உங்ககூட வந்தவர்தானே? இங்க இன்னும் ஆளு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலையே."

டெஸ்மண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்கதவுப் பக்கம் நடந்தார்.

"பின்னாடி ஏறிக்கோங்க," என்றான் லைல், குரலைத் தாழ்த்தி. "முன் சீட்ல அவரு தூங்குறாரு."

டெஸ்மண்ட் குனிந்து உள்ளே பார்த்தார். சீட் காலி. சீட் பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. ஆளில்லாத அந்த இடத்தில், இழுத்துப் பிடித்த மாதிரி விறைத்து நின்று... மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.