டீச்சரோட ஊசி

பள்ளி ஊழியர்களுக்கான கொரோனா தடுப்பூசி முகாம், கிரிவலப் பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பள்ளி ஆயாவும், அவருக்குத் துணையாக வந்த அதே பள்ளி டீச்சரும் நின்றார்கள்.

"உங்க ஊசியே இன்னும் வலிக்குது டீச்சர்," என்றார் ஆயா.

"மெதுவா பேசு."

"நீங்க பயந்தீங்கன்னு போன வாரம் உங்க பேருல நான் போட்டுக்கிட்டேன். மாஸ்க்குல யாருக்கும் அடையாளம் தெரியல. இன்னைக்கு என் பேருலயும் போட்டா உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடாதா?"

"ஒண்ணும் ஆகாது. நர்ஸ்கிட்ட வாயத் தொறக்காத. என் வேலை போயிடும்."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க டீச்சர்."

ஆயாவின் முறை வந்தது.

"இதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கியாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

ஆயா நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்."