வலது கண் மட்டும் சிமிட்டியது குறித்து

எனக்கு வயது நாற்பத்தாறு. அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். ஊர்தி நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் மனைவியுடன் குடியிருக்கிறேன்.

முந்தாநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்ததில் வாய் வலப்பக்கம் கோணியிருந்தது, இடது கண் மூடவில்லை. இன்று காலை மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப்போனார். இது பக்கவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது, ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால் முகம் பழையபடி திரும்ப நல்ல வாய்ப்பு, இன்றே சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்றார் டாக்டர். மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த நேரத்தில் சவாரி வந்தது. "இந்த மூஞ்சியோட சாவு வீட்டுக்கா? சிரிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் மனைவி. செத்தவரைக் காக்கவைக்கக் கூடாது என்று கிளம்பினேன்.

அதன்பின் அந்த வீட்டு வாசலில் ஊர்தியின் பின்கதவைத் திறந்துபிடித்து நின்றேன். இறந்தவரின் மருமகன் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டு வந்தார். தூசி விழுந்ததால் கண்ணைச் சிமிட்டினேன். வலது கண் மட்டும் மூடித் திறந்தது. மருமகன் அழுகையை நிறுத்தினார். மறுபடி சிமிட்டினேன். அவர் என் சட்டையைப் பிடித்து, "என்னய்யா கண்ணடிக்கிற? மோதிரத்துல உனக்கும் பங்கு வேணுமா?" என்று கத்தினார்.

அவருடைய மாமியார், "எந்த மோதிரம், மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

இறந்தவர் விரலிலிருந்து கழற்றிய மோதிரம் மருமகனின் காலுறைக்குள் இருந்தது. அதன்பின், நான் மிரட்டியதாக அவர் புகார் சொன்னதால், சவாரியை முடித்துக்கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் டாக்டர் சீட்டைப் படித்து, இரண்டு கண்ணையும் மூடச் சொல்லிப் பார்த்து, என்மேல் குற்றமில்லை என்றார். அதன்பின் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு, "அண்ணே, லாக்கப்புல இருக்கிற ரெண்டு பேரு என்ன கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டேங்கிறானுங்க. நாளைக்கும் இதே முகத்தோட வாங்களேன். மாத்திரை எங்க ஓடிப்போகுது?" என்றார்.

என் முகம் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பதால், சாப்பாடு வாங்கிவரும்வரை மட்டும் அவர்கள் எதிரே உட்காரச் சம்மதித்தேன். பலமுறை சிமிட்டியும் அந்த இருவரும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற, இதை எழுதும் ஏட்டையாதான் வியர்த்துப்போய், நிலையத்து மின்விசிறி தன் வீட்டில் ஓடுவதாகச் சொன்னார். இந்த வரியை எழுத அவர் சற்றுத் தயங்கினார்.

அதன்பின் சாப்பிட்டேன். எல்லோரும் பார்க்க மாத்திரையை விழுங்கினேன்.

மேற்கண்டவற்றை வாயின் ஒரு பக்கத்தால் சொல்லியிருந்தாலும் அனைத்தும் முழு உண்மை. படித்துக்காட்டக் கேட்டு, மூடாத கண்ணாலும் பார்த்து, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அமரர் ஊர்தி ஓட்டுநர்