அப்பாவின் கத்தியைக் கொடுத்தது நான்தான்

பெயர் முஷாரி. தகப்பனார் பெயர் லாஃபி. வயது அறுபத்திரண்டு. சொந்த ஊர் சவூதியின் ஹாயில் நகரம். இருபது வருடங்களுக்கு மேலாக ஸ்பெயினில், மார்பேயாவில் ஓட்டல் தொழில் செய்து குடியிருக்கிறேன். மலாகா விமான நிலையக் காவல் நிலையத்தில் இன்று மாலை நானாகச் சொல்வது.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அவ்வாத் என் தகப்பனாரின் ஒன்றுவிட்ட அண்ணன். எனக்குப் பெரியப்பா. கண் வைத்தியத்துக்கு வந்தவர், ஊர் திரும்பும் முன் என் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். நேற்று மதியச் சாப்பாட்டுக்கு என் ஸ்பானியக் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். காபி குடிக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த என் அப்பாவின் வெள்ளிப்பிடிக் கத்தியைப் பெரியப்பா பார்த்தார். "மாஷா அல்லாஹ், இன்னும் வச்சிருக்கியா! என் கல்யாணத்துக்கு உங்கப்பன் இதாலதான்டா ஒட்டகம் அறுத்தான்" என்றார்.

விருந்தாளி ஒன்றைப் புகழ்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதும், அவர் வேண்டாம் என்பதும் எங்கள் வழக்கம். நானும் சொன்னேன். "உன்கிட்டயே இருக்கட்டும்டா, அதுதான் அழகு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்ற பெருமை எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அல்லாஹ் மேல ஆணை பெரியப்பா, இது உங்களுது" என்றேன். ஆணையிட்ட பிறகு மறுத்தால் என்னைப் பொய்யனாக்குவதாகும். அதனால் வாங்கிக்கொண்டு என் நெற்றியில் முத்தமிட்டார். கூட்டாளிகள் கைதட்டினார்கள். சுவரில் வெறும் ஆணியைப் பார்த்ததும், கொடுத்திருக்க வேண்டாமே என்று நினைத்தேன்.

இன்று காலை அவரை என் காரிலேயே இங்கே அனுப்பினேன். பெட்டியில் பழைய வெள்ளிப்பிடிக் கத்தி இருக்கிறது, நீங்கள் கொடுத்தது என்கிறார், உண்மையா என்று போனில் கேட்டீர்கள். இல்லை என்று சொன்னால் கத்தி வீடு திரும்பும், கிழவரை நாலு கேள்வி கேட்டு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன்.

அதன் பிறகு கத்தியை வாங்கிப் போகத்தான் வந்தேன். அதை மறைக்கவில்லை. உங்கள் மொழிபெயர்ப்பாளர், மொராக்கோக்காரர் இத்ரீஸ், என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்க குடுக்கலைன்னு சொன்னதை அவர்கிட்ட சொன்னேன் ஐயா. அப்புறம், முஷாரி சொன்னா சரிதான், நான்தான் திருடினேன்னு சொல்லி ரேகை வச்சிட்டார்" என்றார்.

பெரியப்பாவைப் பார்க்க விட்டீர்கள். "வாடா, சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன். "உன் வீட்டு உப்பைத் தின்னுட்டு, உன்னைப் பொய்யன்னு ஊரான்கிட்ட எப்படிடா காட்டிக் குடுப்பேன்? நான் கண்ணு மங்கின கிழவன், என் பேரு கெட்டா என்ன" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கத்தி அவருடையது. அவர் திருடவில்லை. பொய் சொன்னது நான். என் மேல் வழக்குப் போடுங்கள். அடுத்த அறையிலிருந்து "அவன் இரக்கப்பட்டுச் சொல்றான், நம்பாதீங்க" என்று சத்தம் போடுகிறவர் அவர்தான். தயவுசெய்து அவரை நம்ப வேண்டாம்.

எழுதியதை இத்ரீஸ் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. உண்மை என்று ஆணையிடச் சொன்னீர்கள். அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
முஷாரி