மங்கலாக வந்த சாப்பாட்டுத் தட்டு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். ஜன்னலோரப் பெண் சொன்னாள்:

“குவைத்துல கீற என் ஊட்டுக்காரு, தெனம் துன்னுட்டேன்னு சாப்பாட்டுத் தட்ட மங்கலா போட்டோ எடுத்து அனுப்பி ஏமாத்துறாருக்கா. அல்சர வச்சிகினு பட்டினி கெடக்குறாரு. ஒரு வாரமா நான் பேசல.”

மற்றவள் போனை வாங்கிப் பார்த்தாள். “அடிப்பாவி! அவரு மங்கலா எடுக்கல, உன் போன்ல போட்டோ முழுசா எறங்கல. எறக்க இந்த ஆப்பு அனுமதி கேட்டப்பல்லாம் வேணாம்னு அமுக்கிகீறியே.”

“ஆப்ப உள்ள வுட்டா போன்ல கீற எல்லாத்தையும் திருடிடும்னாங்களே.”

“கண்ட ஆப்புக்குத்தான் குடுக்கக் கூடாது. செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல இந்த ஆப்பு, பர்மிஷன், போட்டோ... குட்த்துட்டேன். இப்ப தொட்டுப் பாரு.”

படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

“ரசம், முட்டை, வெண்டிக்கா பொரியல்... நல்லாத்தான் துன்றாருக்கா.”

“அப்பறம் இன்னா? போன் போடு.”

போட்டாள். “மாமா, நல்லா கீறியா? அது கெடக்கட்டும், அந்த வெண்டிக்கா பொரியல் யாரு செஞ்சு குட்த்தா?”