சித்தப்பாவுக்கு விசா இல்லை

— கையெழுத்தா? எதுல தம்பி?

— இந்தப் பத்திரத்துலதான் அண்ணமிண்டி. கார்த்திக்கை நீங்க பிள்ளை கூட்டவே இல்லை, சுவீகாரமே எடுக்கலைன்னு.

— அதுசரி. கோயில் மாலை வந்து, கோட்டையூரே பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போச்சு. நீங்கதான பிள்ளையத் தூக்கி ஒங்க அண்ணன் மடியில வச்சீக? பதினோரு வயசுப் பய. அவுகளுக்குத் தொடை மரத்துப்போச்சு.

— அண்ணனுக்கு வாரிசு வேணும்னு குடுத்தேன். ஒரே வீடு, ரெண்டு அடுப்பு. இந்த அடுப்புல சாப்பிட்டவன் அந்த அடுப்புல சாப்பிடப் போறான், அம்புட்டுத்தானன்னு இருந்தேன். கனடாக்காரன் நடுவுல வருவான்னு யாரு கண்டா?

— அவன் என்ன சொல்றான்?

— பெத்தவுகளை நிரந்தரமாக் கூட்டி வச்சுக்கலாம்னு அங்க இருக்குற கார்த்திக்குக்கு அழைப்பு விட்டுருக்கான். தாளுல பாத்தா அப்பா தண்டாயுதபாணி, அம்மா தேனம்மை. நான் சித்தப்பாவாம். சித்தப்பாவுக்கு அங்க எடமில்லையாம்.

— ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்றது.

— காரைக்குடி விசா ஏஜென்ட்டுகிட்டக் கேட்டேன். சட்டப்படி குடுத்த பிள்ளைக்கு ரத்தம் செல்லாதாம்.

— சும்மா பாத்துட்டு வரப் போகலாம்ல?

— ரெண்டு தடவை கேட்டாச்சு. திரும்பி வர மாட்டேன்னு சந்தேகப்பட்டு இல்லைன்னுட்டாக. புத்திசாலிக. நான் வந்துருக்க மாட்டேன்.

— பிள்ளையப் பெத்தவ, ஒங்க உமையாளு அடுப்பு ரெண்டு நாளா எரியலையே?

— அவன் போன் பண்ணாத அன்னைக்குப் பத்த வைக்க மாட்டா. மூணு வருசமா இதான். நான் எளைச்சதுக்கு ஊருல யோகான்னு சொல்லி வச்சிருக்கேன்.

— நான் கையெழுத்துப் போட்டா?

— வக்கீலு கோர்ட்டுல குடுப்பாரு. நான் மறுபடி அப்பாவாயிருவேன்.

— நான்?

— நீங்க... பெரியம்மா.

— எனக்குக் கொள்ளி வைக்க ஒருத்தன் வேணும்னுதான் கூட்டுனோம் தம்பி.

— அண்ணமிண்டி, ஒங்க காலைப் புடிக்கிறேன். குனிஞ்சிட்டேன், மூட்டு வலி, இனி நீங்க தூக்கி விட்டாத்தான் உண்டு. அவ செத்துருவா.

— எந்திரிங்க. பேனாவைக் குடுங்க.

— இந்தாங்க. இங்குட்டு, கீழ.

— இருங்க. அவன் அங்க நிரந்தரமா இருக்க அனுமதி வாங்குனப்ப, பெத்தவுகன்னு யாரு பேரைக் குடுத்தான்?

— அண்ணன் பேரும் ஒங்க பேரும்தான்.

— அது பொய்யின்னு இப்ப நான் எழுதிக் குடுக்கணும்.

— ஆமா...

— பொய் சொல்லி வாங்குனவனை அவுக அங்க வச்சிருப்பாகளா?

— அண்ணமிண்டி!

— நீங்க அங்குட்டுப் போகவே வேணாம். அவனையே இங்குட்டு அனுப்பிச்சு வச்சிருவாக. சொல்லுங்க தம்பி, போடவா?