பதியாத மெமரி கார்டு

ஆமத்தூர் தாண்டியபோது பேருந்தில் முப்பத்தொரு பேர் இருந்தோம். என் முன் இருக்கையில் ஒரு பட்டாசு ஆலைப் போர்மேன். அவர் பக்கத்தில், அதே ஆலையில் வெடிமருந்து அறையின் சூட்டைப் பதியச் சின்னக் கம்ப்யூட்டர் மாட்டிய மெக்கானிக்.

“அறை கொதிக்குதுன்னு மொதலாளிட்ட சொன்னேன். இப்ப நான் சொல்லவே இல்லங்காக. சூட்டைப் பதிஞ்ச அந்தக் கார்டுதாம்லே எனக்குச் சாட்சி.”

“அறை வெடிக்கிறதுக்குப் பதினேழு நாள் முந்தியே கார்டு செத்துருச்சு அண்ணாச்சி.”

“திரையில நம்பர் ஓடுச்சே?”

“ஓடும். உள்ள எழுதாது. ஓயாம எழுதுறதுக்குத் தனிக் கார்டு வேணும்னேன். மொதலாளிதான் பழைய செல்போன் கார்டைப் போடச் சொன்னாக.”

“நீயும் போட்டியாக்கும்?”

“போட்டேன்.”

நான்கு மின்கம்பங்கள் கடந்தன.

“நீங்க மொதலாளிட்ட சொன்னப்ப வேற யாருமே இல்லையா அண்ணாச்சி?”

“மூணு பேரு இருந்தாக. வெடிச்சப்ப மூணு பேருமே அறைக்குள்ளயே போயிட்டாகளே.”