மீசையை வழித்துவிட்டு வரச் சொன்னவர்

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், பந்துகள் நிறைந்த வலைப்பையை மடியில் வைத்திருந்த கால்பந்துப் பயிற்சியாளரும் அவருடைய கிளப் செயலாளரும். செயலாளருக்குக் கத்தை மீசை.

“அவன மீசைய வழிச்சிகினு வரச் சொல்லு. கிரவுண்டுல வாயே தொறக்கக் கூடாது. கொரல் ஒடைஞ்சி கீது,” என்றார் செயலாளர்.

“அண்ணாத்த, இது பதிமூணு வயசுப் பசங்க மேட்ச். அவனுக்குப் பதினாறு.”

“கிளப்பு ஆரம்பிச்சு இன்னும் ஒரு கப்பு கூட வாங்கல. பெத்தவங்க மூஞ்சிய நான்தானே பாக்கணும்?”

“போன மாசமும் நீ சொன்னேன்னு எறக்கினேன். இவன் மோதி கல்பாக்கத்துப் பையனுக்குத் தோள் எலும்பு ஒடைஞ்சிச்சு. நான்தான் தூக்கிகினு ஓடினேன். அவங்கம்மா என்னைக் கையெடுத்துக் கும்புட்டுச்சு, அண்ணாத்த. புள்ளைய நல்லா பாத்துகினீங்கன்னு.”

“ஆட்டம்னா அடி படும். அவன் இல்லாங்காட்டி நாளைக்குத் தோத்துடுவோம்.”

“தோப்போம்.”

“அப்ப யாரைத்தான் எறக்குவ?”

பயிற்சியாளர் எழுந்தார். பந்துப் பையைச் செயலாளரின் மடியில் வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கும் முன் படியிலிருந்து திரும்பிச் சொன்னார்:

“நீயே மீசைய வழிச்சிகினு எறங்கு, அண்ணாத்த.”